இதய வால்வில் கிருமி: வார்டில் என்னிடம் கேட்கிற கேள்விகள்

இலங்கை மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மெடிக்கல் வார்டில் தாதியாக வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். "வால்வில் கிருமி பிடித்திருக்கிறது" என்று டொக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனதும், நோயாளியின் வீட்டார் என் பக்கம் திரும்புவார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்லியிருப்பார், கார்டில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தமிழில் கேட்க ஆள் நான்தான். கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களைப் பார்க்கிற டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள், அவர் கையில்தான் உங்கள் ரிப்போர்ட் இருக்கிறது.

மிஸ், இது மாரடைப்புத்தானே?

இல்லை. மாரடைப்பில் இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கிற குழாய் அடைபடும். இங்கே பழுதாவது வால்வு. இதயத்துக்குள் நான்கு வால்வுகள் இருக்கின்றன. தோட்டத்துத் தண்ணீர் பைப்பில் உள்ள வால்வைப் போல, ஒரு பக்கமாகப் போக விடும், திரும்பி வர விடாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிற மெல்லிய இதழ்கள் அவை. அந்த இதழில் கிருமி ஒட்டி, அதன்மேல் இரத்த உறைவு படிந்து, சின்னச் சதைக்கட்டி போல வளர்வதுதான் இந்த வருத்தம். எண்டோகார்டைட்டிஸ் என்பார்கள், தமிழில் இதய உள்ளுறை அழற்சி. கார்டில் ஐ.ஈ. என்று இரண்டே எழுத்தில் எழுதியிருந்தாலும் இதுதான்.

ஆனால் மாரடைப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

நெஞ்சுக்குள்ளே இருக்கிற வால்வுக்குக் கிருமி எந்த வழியாகப் போகும்?

இரத்தத்தோடு போகும். பல் விளக்கும்போது முரசில் இரத்தம் கசிகிறதே, அந்த நேரத்தில் வாயில் உள்ள கிருமி கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். எனக்கும் உங்களுக்கும் தினமும் நடக்கிறது. உடம்பு சில நிமிடத்தில் துடைத்துவிடும். வால்வின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தால் கிருமிக்கு ஒட்ட இடமில்லை. ஏற்கெனவே தழும்பேறிச் சொரசொரப்பாக இருந்தால் அங்கே பிடித்துக்கொள்ளும். ஆற்றில் அடித்து வருகிற செத்தை மொட்டைப் பாறையில் நிற்காது, முள்ளில்தான் சிக்கும்.

வாயிலிருந்து வருகிற ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைகள் மெதுவாக, வாரக்கணக்கில் வேலை செய்யும். தோல் புண், சீழ்க்கட்டி, மருந்து ஏற்றக் கையில் செருகி நாள்கணக்கில் மாற்றாமல் விட்ட குழாய் (கனுலா) ஆகிய வழிகளில் வருகிற ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் அப்படியல்ல. சில நாளிலேயே வால்வைத் தின்றுவிடும். அதற்கு நல்ல வால்வும் ஒன்றுதான், பழுதான வால்வும் ஒன்றுதான்.

எல்லாருக்கும் வருமா?

அபூர்வமான வருத்தம். உலகக் கணக்கில் ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு 3 முதல் 10 பேர் வரை. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு ஒரு தடவை இதே வருத்தம் வந்தவர்கள், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள், வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கிட்னிக்கு டயலிசிஸ் செய்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

நம்ம தோட்டப் பக்கத்தில் இதை ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

வாதக் காய்ச்சலால்தான். தொண்டை நோவைச் சாதாரணமாக விடுவதில் தொடங்குகிற கதை அது.

குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்கிற கிருமி பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் கொடுக்கும். அநேகமாக 5 முதல் 15 வயதுக்குள். அது ஆறி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு சிலருக்கு முழங்காலும் கணுக்காலும் வீங்கும். இன்று இந்த மூட்டு, நாளை அந்த மூட்டு என்று இடம் மாறும். சில பிள்ளைக்குக் கையும் காலும் தானாகத் துள்ளும், கொப்பியில் எழுத்து கோணலாகும், டீச்சர் அடிப்பார். கிருமியை அழிக்க உடம்பு செய்த ஆயுதம் ஆள் தெரியாமல் தன் வால்வையே அடிப்பதுதான் காரணம். மூட்டு ஒரு தழும்பும் இல்லாமல் ஆறிவிடும், வால்வு ஆறாது. பதினைந்து இருபது வருடம் கழித்துக் கொழுந்து மலை ஏறும்போது மூச்சு வாங்கும். அப்போதுதான் தெரிய வரும்.

இந்தக் கிருமி இருமலிலும் மூச்சிலும் பரவுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், மழைக்கும் குளிருக்கும் கதவைச் சாத்திக்கொண்டு ஆறேழு பேர் படுத்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? நான் படுத்து வளர்ந்ததும் அப்படித்தான். வீட்டுப் பிரச்சினை என்றால் கூரை ஒழுகுவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உலக சுகாதார சபை 2018 இல் வாதக் காய்ச்சலுக்கென்றே தனித் தீர்மானம் எடுத்தது. அதற்குக் காரணம் நெரிசலும் ஏழ்மையும் உள்ள இடங்களில் இது இன்னும் விடாமல் இருப்பதுதான்.

பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவு, ஆனால் சளி இல்லை இருமல் இல்லை என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். தொடங்கி 9 நாளுக்குள் பெனிசிலின் ஆரம்பித்தாலும் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். 10 நாள் குடிக்கச் சொன்னால் பத்து நாளும் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் நோவு போய்விட்டது என்று மீதியைத் தங்கச்சிக்கு எடுத்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அது வேண்டாம்.

அப்ப மாதா மாதம் போடுகிற பெனிசிலின் ஊசி இந்த வருத்தம் வராமல் இருக்கத்தானே?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தடவை போடுகிற அந்த நோவுகிற ஊசி, தொண்டைப் புண் திரும்ப வந்து வாதக் காய்ச்சலைக் கிளப்பாமல் இருப்பதற்கு. வால்வு மேலும் பழுதாகாமல் காப்பது அதுதான், அதனால் விடக்கூடாது. வால்வில் பழுது நிலைத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக 10 வருடம் அல்லது 40 வயது வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை போடச் சொல்வார்கள். ஆனால் ஏற்கெனவே தழும்பான வால்வில் வேறு கிருமி வந்து ஒட்டுவதை அந்த ஊசி தடுக்காது. "நான் ஊசி போடுகிறேனே" என்று நீண்ட காய்ச்சலை அலட்சியமாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வந்தால் என்ன மாதிரி இருக்கும்?

காய்ச்சல். குளிர்ந்து நடுங்கி வரும், பனடோல் போட்டால் இறங்கும், மறுநாள் திரும்ப வரும். ராத்திரி வேர்வை, பசியின்மை, மெலிவு, எதிலும் தெம்பில்லாமை. சிலருக்கு நாரிப்பிடிப்பு மட்டும் பெரிதாக இருக்கும். நகத்துக்கடியில் சிராய் குத்தியது போலச் சிவப்புக் கோடுகள், விரல் நுனியில் நோவுகிற சின்ன முடிச்சுகள், உள்ளங்கையில் நோவில்லாத சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். விரல் நுனி முடிச்சுக்கு ஓஸ்லர் முடிச்சு என்று பெயர், 1885 இல் இந்த வருத்தத்தைப் பற்றி லண்டனில் விரிவுரை செய்த வில்லியம் ஓஸ்லரின் பெயரில். ஆனால் கொழுந்து பறிக்கிற கையில் இவற்றைக் கண்டுபிடிப்பது லேசில்லை. கறை ஏறி, வெடித்து, நகத்துக்கடியில் உண்மையிலேயே சிராய் ஏறிய கை அது. டொக்டர் கையைப் பார்க்கக் கேட்டால் கழுவிவிட்டுக் காட்டுங்கள்.

காய்ச்சலும் மெலிவும் என்றால் டிபியாகவும் இருக்கலாமே?

இருக்கலாம். டைபாய்டாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக, உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். மலேரியாவை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், 2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. எதுவென்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்லுங்கள்: "எனக்குச் சின்ன வயதில் இதயத்தில் சத்தம் இருக்கிறது என்று சொன்னார்கள்", "நான் முந்தி ஊசி போட்டவள்". ஓ.பி.டி.யில் டொக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த ஒரு வரி போதும், அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைப்பார்.

வந்ததும் வராததுமாக இத்தனை தடவை இரத்தம் எடுக்கிறீர்களே, மருந்து எப்ப தருவீர்கள்?

இந்தப் பக்கத்தையே இந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதத் தொடங்கினேன்.

வால்வில் இருக்கிற கிருமி எது என்று தெரியாமல் ஆறு கிழமை மருந்து ஏற்றுவது இருட்டில் கல்லெறிவது. கிருமியைப் பிடிக்க இரத்தத்தைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்க்க வேண்டும். பிளட் கல்ச்சர் என்பது அதுதான். மூன்று தடவை, வேறு வேறு நரம்பில், பெரியவர்களுக்குப் போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீட்டர் வரை. ஒரு போத்தலில் மட்டும் கிருமி வந்தால் அது தோலில் இருந்து ஊசியோடு வந்த கிருமியா என்ற சந்தேகம் வரும். மூன்றிலும் ஒரே கிருமி வந்தால் சந்தேகமே இல்லை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை, இந்த வருத்தத்தில் கிருமி எந்நேரமும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "அவ்வளவு இரத்தமும் போனால் உடம்பு தாங்குமா" என்று பயப்பட வேண்டாம், எல்லாம் சேர்த்தாலும் ஒரு பிளேன்டீக் கோப்பை நிறையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் வந்தார், நாற்பது வயதுக்குள். காய்ச்சல் ஏழு கிழமை. அதற்குள் மூன்று இடத்தில் மருந்து எடுத்திருக்கிறார், மூன்று இடத்திலும் வேறு வேறு அன்டிபயோட்டிக் ஐந்து ஐந்து நாளைக்கு. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் விட்டது, நின்றதும் வந்தது. எங்களிடம் வந்தபோது மூன்று கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. அந்த அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தது. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், வால்வில் கட்டி நன்றாகத் தெரிகிறது, ஆனால் எந்தக் கிருமி என்று சொல்ல ஆளில்லை. அதனால் ஊகத்தில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து ஏற்ற வேண்டியதாயிற்று. அதில் ஒன்று கிட்னியைத் தொடும் என்பதால் அதற்கும் தினமும் டெஸ்ட். அவர் பிழைத்தார். ஆனால் அந்த முதல் ஐந்து நாள் குளிசைக்கு முன்னால் ஒருவர் இரத்தம் எடுத்திருந்தால் கதையே வேறு.

அதனால் வால்வில் பழுது உள்ளவருக்குக் காய்ச்சல் ஒரு கிழமையைத் தாண்டினால், பனடோல் போடலாம், ஃபார்மசியில் துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் வாங்கக்கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்தாலும், "எனக்கு வால்வு வருத்தம் இருக்கிறது, முதலில் இரத்தம் பார்க்க வேண்டுமாம்" என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். ஆள் மயக்கத்தில், பிரஷர் இறங்கிய நிலையில் வந்தால் அது வேறு. அப்போது கல்ச்சரை எடுத்த கையோடு மருந்தும் போகும்.

நெஞ்சில் எக்கோ எடுத்தாயிற்று. பிறகு ஏன் குழாயை விழுங்கச் சொல்கிறார்கள்?

நெஞ்சுக்கு வெளியிலிருந்து பார்க்கும்போது எலும்பும் நுரையீரலும் மறைக்கும். உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் போகிறது, அங்கிருந்து பார்த்தால் சில மில்லிமீட்டர் கட்டியும் தெரியும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அது கட்டாயம் தேவைப்படும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, கண்டிக்கு அனுப்பலாம்.

ஆறு கிழமை வார்டிலா? குளிசையாகத் தந்தால் வீட்டில் இருந்து குடிக்கமாட்டோமா?

வால்வில் இரத்தக் குழாய் அநேகமாக இல்லை, கட்டிக்குள் கிருமி ஒளிந்து இருக்கிறது. அங்கே மருந்து ஊறிப் போக அதிக அளவில், நரம்பு வழியாக, நான்கு முதல் ஆறு கிழமை வரை ஏற்ற வேண்டும். டென்மார்க்கில் 400 பேரை வைத்துச் செய்து 2018 இல் வெளியான ஆய்வில், முதலில் ஊசியில் நன்றாகத் தேறியவர்களுக்கு மீதி நாளைக் குளிசையில் முடிக்கலாம் என்று கண்டார்கள். ஆனால் அவர்களைக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் இல்லாத டிவிஷனில் இருக்கிறவரை அப்படி அனுப்ப டொக்டருக்கு மனம் வருமா?

ஆறு கிழமை பேர் (நாள் சம்பளம்) இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

நியாயமான கேள்வி. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. மூன்றாம் கிழமையில் காய்ச்சல் இல்லாததால் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போனவர்களில் சிலர் மூச்சு முட்டித் திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்துக்கும் படுக்கைக்கும் காசு இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அனுமதித்த முதல் கிழமையிலேயே மெடிக்கல் கடிதம் கேட்டு வாங்கித் தோட்டத்து ஒஃபீசில் கொடுங்கள். ஒப்பரேஷன் என்று வந்தால் ஜனாதிபதி நிதியத்தில் உதவி இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

சரி, மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டு பக்கமும் பாதை உண்டு.

முதலில் இந்த வருத்தம் அவற்றைக் கொண்டுவருகிற வழி. வால்வில் வளர்ந்த கட்டி உடைந்து ஒரு துண்டு இரத்தத்தோடு போனால், மூளைக் குழாயில் அடைத்துப் பாரிசவாதம் வரும். இந்த வருத்தக்காரரில் ஐந்தில் ஒருவருக்கேனும் அப்படி எங்காவது போய் அடைக்கிறது: மூளை, மண்ணீரல், கிட்னி, கால். இதயத்தின் சொந்தக் குழாயில் போய் அடைத்தால் மாரடைப்பேதான், ஆனால் அது அபூர்வம். மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு கிழமையில்தான் இந்த ஆபத்து அதிகம், பிறகு வேகமாகக் குறையும். கட்டி 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் டொக்டர்கள் கவலைப்படுவது இதனால்தான்.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: காய்ச்சலோடு இருந்தவருக்குத் திடீரென்று வாய் கோணினால், கை விழுந்தால், 1990 சுவசெரிய அம்பியூலன்சைக் கூப்பிடுங்கள். ஏறும்போதே "இவருக்கு வால்வு வருத்தம், இத்தனை நாளாகக் காய்ச்சல்" என்று சொல்லுங்கள். சாதாரணப் பாரிசவாதத்துக்கு உறைவைக் கரைக்க ஒரு ஊசி போடுவார்கள். இவர்களுக்கு அந்த ஊசி மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

அடுத்தது இதயம் களைத்துப்போவது. இதழ் ஓட்டையாகி இரத்தம் பின்னால் ஒழுகினால் இதயம் இரட்டை வேலை செய்யும், நுரையீரலில் நீர் கட்டும். இந்த வருத்தத்தில் உயிர் போவதற்கு முதற்காரணம் இதுதான். பெருநாடி வால்வைச் சுற்றிச் சீழ் பிடித்தால் பக்கத்தில் ஓடுகிற மின்னோட்டப் பாதையும் கெடும், துடிப்பு குறைந்துபோகும். தினமும் காலையில் ஈசிஜி எடுக்கிறோமே, "நேற்றுத்தானே எடுத்தீர்கள்" என்று கேட்பீர்களே, அதைப் பார்க்கத்தான்.

இனி மறுபக்கம். பிரஷர், கொலஸ்ட்ரோல், புகை, வயது ஆகியவை இதயக் குழாயைக் கெடுப்பது போலவே பெருநாடி வால்விலும் சுண்ணாம்பு படிய வைக்கும். அப்படித் தடித்த வால்வும் கிருமிக்கு இடம் கொடுக்கும். சீனி வருத்தக்காரருக்குத் தொற்று லேசில் வரும், வந்தால் லேசில் போகாது. இதய வருத்தத்துக்கென்று வைக்கிற பேஸ்மேக்கர் வயரும் செயற்கை வால்வும்கூடக் கிருமி ஒட்டுகிற இடங்கள்.

அப்ப கொலஸ்ட்ரோல் குளிசை குடித்தால் இது வராதா?

வராது என்று சொல்ல முடியாது. அந்தக் குளிசை வேறு வேலைக்கு. நிறுத்தவும் வேண்டாம்.

ஒப்பரேஷன் கட்டாயமா?

ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தேவைப்படும். மூச்சு முட்டல் மருந்துக்கு அடங்காவிட்டால், சீழ் பிடித்தால், மருந்து ஏற்றியும் கிருமி நிற்காவிட்டால், கட்டி பெரிதாக இருந்தால். கண்டி தேசிய வைத்தியசாலையில் இதய ஒப்பரேஷன் செய்கிறார்கள், கொழும்புக்கும் அனுப்புவார்கள். "காய்ச்சல் விட்ட பிறகு பார்க்கலாம்" என்று வீட்டார் தள்ளிப்போடுவதுண்டு. டொக்டர் அவசரப்படுத்தினால் அதற்குக் காரணம் இருக்கும்.

உலோக வால்வு வைத்தவர் கோவா, கீரை சாப்பிடக்கூடாதாமே?

சாப்பிடலாம். நுவரெலியாவில் இருந்துகொண்டு கோவா சாப்பிடாதே என்றால் வேறு எதைச் சாப்பிடுவது? அந்த வால்வில் இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற வார்ஃபரின் குளிசை வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்கிறது, பச்சை இலையில் அது நிறைய. ஒரு கிழமை கீரையே இல்லை, அடுத்த கிழமை மூன்று வேளையும் கீரை என்று மாற்றினால்தான் பிரச்சினை. ஒரே அளவாகச் சாப்பிட்டு, இரத்தம் உறைகிற வேகத்தைப் பார்க்கிற ஐ.என்.ஆர். டெஸ்டைத் தவறவிடாமல் இருந்தால் சரி.

பல் பிடுங்க முன் மருந்து குடிக்க வேண்டுமா?

எல்லா வால்வுக்காரருக்கும் இல்லை. முந்தி அநேகமாக எல்லாருக்கும் கொடுத்தார்கள். 2007 இல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கியது. செயற்கை வால்வு, முன்பு இந்த வருத்தம் வந்தது, சில பிறவிக் கோளாறுகள் போன்ற ஆபத்துக் கூடியவற்றுக்கு மட்டும் என்றது. பெரியவர்களுக்கு அமொக்சிசிலின் 2 கிராம், பிடுங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன், ஒரே ஒரு தடவை. வாதக் காய்ச்சல் வால்வுக்கும் சேர்த்துக் கொடுக்கிற நாடுகளும் உண்டு, அதனால் உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். மாத ஊசி போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், வேறு வகை மருந்து தேவைப்படலாம்.

என்னைக் கேட்டால் அந்த ஒரு நாள் குளிசையை விடத் தினமும் இரண்டு தடவை பல் விளக்குவது பெரிது. பிடுங்குவது வாழ்நாளில் நாலைந்து தடவை, அழுகிய பல்லால் மெல்லுவது ஒவ்வொரு வேளையும். வலித்தால் மட்டும் பல் டொக்டர் என்று இருக்க வேண்டாம்.

வெற்றிலை? அட்டைக்கடி?

வெற்றிலையும் புகையிலையும் முரசைக் கெடுக்கும், விட்டால் நல்லது. எங்கள் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி நானே தோற்றவள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்குவதுதான் பயம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சீழ் வைத்தால் காட்டுங்கள். பச்சிலை, சுண்ணாம்பு வைத்துக் கட்ட வேண்டாம்.

பக்கத்தில் படுத்தால் தொற்றுமா?

தொற்றாது.

மகளுக்கு வால்வு வருத்தம். கல்யாணம் பேசலாமா?

பேசலாம். ஆனால் பிள்ளை உண்டாவதற்கு முன் இதயக் கிளினிக்கில் காட்டுங்கள். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 வீதம் கூடும், சுருங்கிய வால்வு அதைத் தாங்காது. வார்ஃபரின் குடிக்கிறவர் என்றால் முதல் மாதங்களில் அது பிள்ளைக்குக் கேடு, தானாக நிறுத்தினால் தாயின் வால்வு அடைபடும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்துக் கட்டிவைத்து, எட்டாம் மாதத்தில் மூச்சு முட்டி வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

எல்லாம் முடிந்து எப்ப மலைக்குப் போகலாம்?

எக்கோவையும் மூச்சையும் பார்த்து டொக்டர் சொல்வார். முதலில் சமதரையில் நடந்து, பிறகு ஏற்றம். கூடை சுமப்பது கடைசியில். ஒரு தடவை வந்தவருக்குத் திரும்பவும் வரலாம், முதல் வருடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கார்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், லயத்துக் கூரை ஒழுகினால் கடதாசி மிஞ்சாது. திரும்பக் காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். பனடோல் தவிர வேறொன்றும் குடிக்காமல் அந்தப் படத்தோடு நேரே வாருங்கள், முதலில் இரத்தம் எடுப்போம்.